பங்கு வைக்கும் நேரத்தில் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தவக்காலத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் கிறிஸ்தவ வாழ்வு பற்றிய கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். போன வாரம் வந்த ஆன்மிக முதிர்ச்சி பற்றிய கட்டுரையை எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டம்) சத்தமாகவே வாசித்தோம். எழுதியவர் வேதம் தெரிந்தவர், தமிழும் அவருக்கு நன்றாக வருகிறது. குறை சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. ஆனால் முதிர்ச்சிக்கு அவர் சொன்ன அடையாளங்கள் இவை: விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், வாரத்தில் ஒரு நாள் உபவாசம், எது நடந்தாலும் கலங்காத மனம், எந்நேரமும் முகத்தில் அமைதி. வாசித்து முடித்ததும் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா, "அப்ப அது மடத்துச் சிஸ்டர்மாருக்குத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். விடியும் நேரத்தில் அவர் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிப் பாறையில் பாசி பறித்துக்கொண்டிருப்பார். அவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். தகரக் கொட்டகை, எடை மிஷின், ஐஸ் பெட்டிகள், ஒரு மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். படகு வந்ததும் ரகம் பிரித்து, எடை போட்டு, விலை போட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பது வரை என் நோட்டில்தான் நடக்கும். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், யார் எதற்குக் கடன் பட்டார், யார் திருப்பிக் கட்டினார், யார் சாக்குச் சொன்னார் எல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவனும் நான்தான். ஏறி நின்று நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் வாரம் முழுக்க நோட்டில் பார்த்த பெயர்கள். இரண்டையும் பார்க்கிற இடத்தில் இருப்பதால் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. ஒருவர் முழங்காலில் நிற்பதை வைத்து அவர் முதிர்ந்த கிறிஸ்தவரா என்று சொல்ல முடியாது. பங்கு பிரிக்கும்போது தெரியும். சண்டை வரும்போது தெரியும். கேட்டது கிடைக்காதபோது நன்றாகவே தெரியும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. பவுலடியார் கொரிந்துக்காரர்களுக்கு எழுதியதைப் பாருங்கள். அந்தச் சபையில் இல்லாத வரமே கிடையாது. பரவசப் பேச்சு, இறைவாக்கு, குணமாக்கும் வரம் எல்லாம் இருந்தது. எந்த வரத்திலும் உங்களுக்குக் குறைவில்லை என்று முதல் அதிகாரத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். மூன்றாம் அதிகாரத்துக்கு வந்ததும், நீங்கள் இன்னும் குழந்தைகள், உங்களுக்குப் பால்தான் கொடுத்தேன், கெட்டியான உணவு இன்னும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுகிறார். காரணம், அவர்களுக்குள்ளே பொறாமையும் சச்சரவும். நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள் என்று கட்சி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதினோராம் அதிகாரத்தில் அதைவிடக் கேவலம். ஆண்டவருடைய விருந்துக்கென்று கூடுகிறார்கள். வசதியுள்ளவன் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறித்துக் கிடக்கிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். ஜெபக்கூட்டத்தில் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பந்தியில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எபிரேயருக்கு எழுதிய திருமுகத்திலும், ஐந்தாம் அதிகாரக் கடைசியில், இதே பாலும் கெட்டி உணவும் வருகிறது. நன்மை எது, தீமை எது என்று பிரித்தறியத் தங்களைப் பழக்கிக்கொண்டவர்களே முதிர்ந்தவர்கள் என்று அங்கே இருக்கிறது. ஒரு ராத்திரி ஜெபத்தில் அபிஷேகமாக வந்து இறங்குவதாக இல்லை. செய்து செய்து கைவருவதாகத்தான் இருக்கிறது.

செய்து செய்து என்றால் எப்படி என்று கேட்கலாம். நண்டு வலைக்குப் போகும் ஒரு நாட்டுப்படகுக்காரர் எங்களிடம் சரக்குப் போடுகிறார். பெயர் சொன்னால் அதன்பிறகு என் முகத்தில் முழிக்க மாட்டார். இந்தப் படகுகளில் பங்கு முறை வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: செலவு போக மிச்சத்தில் படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு என்று உடைமைக்காரர் பங்கு தனி, அப்புறம் போன ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. இவர் படகில் வந்துகொண்டிருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மூன்று பெண் பிள்ளைகள். அன்று முதல் கணக்கு முடிக்கும்போதெல்லாம் இவர் ஆள் பங்கில் பாதி அளவு தனியே எடுத்துவைக்கச் சொல்கிறார். மற்ற ஆட்களின் பங்கில் கை வைப்பதில்லை. தன் வலைப் பங்கிலிருந்து எடுக்கிறார். அதை நான் நோட்டில் 'வலைச் சாமான்' என்று எழுத வேண்டும். கணக்கில் இல்லாததை எழுதுவது என் தொழிலுக்கு ஆகாது. ஆனாலும் அந்த ஒரு வரிக்குக் கை தானாக ஓடுகிறது. மீன்பாடு இல்லாமல் ஐஸ் காசுகூட வராத நாளிலும், "நாளைக்குச் சேத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த வீட்டம்மா அது சங்கத்திலிருந்து வருகிற உதவி என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இவரைச் சமயத்துக்கு உதவுகிற ஒரு புனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் நல்ல வாய் இல்லை. ஐஸ் கொண்டுவருகிற பையனை இவர் திட்டுவதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். பிரசங்கம் ஆரம்பித்ததும் தூணில் சாய்ந்து தூங்குவார். அன்பியத்தில் அவர் முறை வந்து "ஒரு ஜெபம் சொல்லுங்க" என்றால், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நாவை அடக்கினவனே நிறைவு பெற்றவன் என்று யாக்கோபு சொல்கிறார். அந்தத் தேர்வில் இவருக்குச் சுழியம். அதே யாக்கோபு, துன்பப்படுகிற அநாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே மாசற்ற பக்தி என்றும் சொல்கிறார்; அதில் இவருக்கு நூறு. ஆளுக்கு ஆள் இப்படித்தான் ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் இருக்கிறோம். பவுலே பிலிப்பியருக்கு எழுதும்போது, நான் அடைந்தாயிற்று என்று சொல்லவில்லை, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறார். சொல்லிவிட்டு, நம்மில் முதிர்ந்தவர்கள் எல்லாரும் இப்படியே எண்ணட்டும் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். எனக்கு முதிர்ச்சி வந்துவிட்டது என்று நினைக்கிறவரைக் கண்டால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம் போல.

மறுபக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், விரித்தால் ஊர்ச்சண்டை ஆகிவிடும். திருவிழாவுக்குப் பத்து நாள் சீரியல் லைட் உபயம் செய்கிற ஒருவர் உண்டு. அரை மணி நேரம் கண்ணை மூடி, ஒரு சொல் தடுக்காமல் ஜெபிப்பார், கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். அவர் எடை மிஷினில் நிறுத்த மீனை எங்கள் மிஷினில் நிறுத்தால் கூடுதலாக நிற்கும்.

இனி பேதுருவுக்கு வருகிறேன். கட்டுரையில் எத்தனையோ புனிதர்கள் வந்தார்கள், ஒரு மீன்பிடிக்காரன் முதிர்ந்த கதை வரவில்லை. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம், திபேரியாக் கடல். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் இந்த வாசகம் வாசிக்கும்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அது பிரசங்கத்துக்காக வருகிற பெருமூச்சு இல்லை. அப்புறம் கரையில் நிற்கும் இயேசு வலப்பக்கம் போடச் சொல்கிறார், வலை கிழியாமல் 153 மீன். பெரிய பெரிய இறையியலாளர்கள் எல்லாம் அந்த எண்ணுக்கு அர்த்தம் தேடியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கும்போதும் யாரோ ஒருவர் குந்தியிருந்து மீனை எண்ணியிருக்கிறார். அவர் எங்கள் ஜாதி, கணக்குப்பிள்ளை.

கரையில் கரி நெருப்பு, மீன், அப்பம். சாப்பிட்டு முடிந்ததும் பேதுருவிடம் மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் மூன்று தரம், அதுவும் ஒரு கரி நெருப்பருகே. இதைப் பிரசங்கத்தில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த வசனத்தில்தான் எனக்கு முதிர்ச்சி என்ன என்று விளங்கியது. இளைஞனாக இருந்தபோது நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். வயதான பிறகு நீ கையை நீட்டுவாய், வேறொருவர் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்கிறார். உலகத்தில் முதிர்ச்சி என்றால் தன் காலில் நிற்பது, தன் இஷ்டப்படி முடிவெடுப்பது. இங்கே அது தலைகீழாக இருக்கிறது. விரும்பாத இடத்துக்குக் கையை நீட்டிக் கொடுப்பது முதிர்ச்சி.

அத்தனையும் கேட்டுவிட்டுப் பேதுரு என்ன செய்கிறார்? திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யோவான் வருகிறார். "ஆண்டவரே, இவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறார். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். எங்கள் கொட்டகையில் பங்கு வாங்கினவர் எவரும் தன் காசை முதலில் எண்ணுவதில்லை. பக்கத்துப் படகுக்கு என்ன விலை போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆண்டவர் பதில் சொல்கிறார்: அவனைப் பற்றி உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றி வா. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, சப்பரத்தின் முன்கொம்பு எந்தத் தெருவுக்கு என்று தகராறு வரும் ஊர்களில், இந்த ஒரு வசனத்தைக் கொடிமரத்தில் எழுதி வைக்கலாம்.

அடுத்து அந்தக் 'கலங்காத மனம்'. இதில்தான் எனக்குக் கட்டுரையாளரோடு பெரிய வழக்கு. கடற்கரையில் வாழ்கிற ஒருவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

என் அம்மா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். குடிலுக்கு மணல் அள்ளி வைத்திருந்தார்களாம். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் இழுத்துக்கொண்டு போன ராத்திரி அது. ஓலைக் குடிசை எந்த மட்டும்? அம்மாவின் தங்கச்சியும் அவளுடைய கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அம்மா எஞ்சினார். அங்கே கோயிலின் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் இன்றைக்கும் நிற்கின்றன, வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அம்மா அந்தப் பக்கம் போக மாட்டார். ஒவ்வொரு டிசம்பரும் அந்த ராத்திரி வந்தால் வீட்டில் குடும்ப ஜெபம் கிடையாது. அப்பா ஜெபமாலையை எடுத்தால், "இன்னிக்கு நான் அவரோட பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுப் பூசைக்குப் போவார். சாகிற வரைக்கும் இப்படித்தான். வருஷத்தில் ஒரு ராத்திரி சண்டை, மற்ற நாளெல்லாம் பேச்சு.

அவருக்கு ஆன்மிக முதிர்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருப்பாடல்களில் பாதி, எத்தனை நாள் ஆண்டவரே என்று கேட்கிற சண்டைதான். இயேசு லாசரின் கல்லறையில் அழுதார். கெத்சமனியில், இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கேட்டார். பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதுகிறார்: துரோவாவில் விட்டுவந்த போர்வையை எடுத்து வா, குளிர்காலத்துக்குமுன் வா, எல்லாரும் என்னை விட்டுப் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் இருக்கிறான். எவ்வளவு பெரிய ஆள், குளிர் தாங்கவில்லை என்று போர்வை கேட்கிறார். இவர்கள் எல்லாம் கலங்கினார்கள், ஆனால் விட்டுப் போகவில்லை. கட்டுரையில் 'கலங்காத' என்பதை அடித்துவிட்டு 'விட்டுப் போகாத' என்று போட்டிருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இருந்திருக்காது. படகு திரும்பாத வீட்டில் போய், விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்று ஆறுதல் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் பேசாமல் அங்கே சமையலைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் முதிர்ந்தவர் என்று சொல்ல வேதபாடம் தேவையில்லை.

வயதானால் முதிர்ச்சி தானே வரும் என்பது போலவும் கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. மண்டபத்துக்கு முன்னால் வேதாளை இருக்கிறதே, அங்கே 1549-ல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியச் சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைச்சாட்சி அவர்தான். அங்கிருந்த போர்த்துக்கீசியர் ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் வரி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் விஜயநகரப் படை வந்து இறங்கியது. கிரிமினாலி படகேறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றுவதற்காகக் கரையிலேயே நின்றார், ஈட்டிக்கு இரையானார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. யாரோ பண்ணிய வரிக்கொள்ளைக்கு அவர் பலியானார் என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

ஓரியூர் அருளானந்தரை, போர்த்துக்கல்லிலிருந்து வந்த சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோவை, எல்லாருக்கும் தெரியும். 1686-ல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவரை விட்டார்கள். ஐரோப்பா போனார். லிஸ்பனில் ராஜா அவரை அரண்மனையிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். திரும்பி இங்கேயே வந்தார், 1693 பிப்ரவரி 4-ல் தலை போனது. ஓரியூரின் அந்தச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறோம், பூசிக்கொள்கிறோம். சரி, பூசட்டும், நானும் பூசியிருக்கிறேன். ஆனால் அரண்மனையை விட்டுவிட்டு ஓரியூருக்கு வந்த மனசு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே பூசினால் நல்லது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இது எங்கள் ஆட்களில் பலருக்குப் பிடிக்காது. பெயர் போட வேண்டாம் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாசி, பங்குனி வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகும். அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், நெடுந்தீவு, மன்னார் ஆட்கள் வருவார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர், மறுநாள் காலையில் திருப்பலி. இரண்டு கரைக்காரர்களும் ஒரே மணலில் முழங்காலிட்டு, ஒரே தமிழில் ஜெபிக்கிறோம். ஒரு தடவை சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். வயதானவர், கையெல்லாம் வலை வடு. "அண்ணை, உங்கட றோலர் வந்துபோன இரவு எங்கட வலை ஒண்டும் மிஞ்சேல்லை" என்றார். றோலர் என்று அவர்கள் சொல்வது எங்கள் இழுவைப் படகுகளை. கோபமாகச் சொல்லவில்லை. வட்டிக்கு வாங்கிய வலையாம். நற்கருணைக்கு வரிசை நகர்ந்தது. அவர் எனக்கு முன்னால் போனார்.

எங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாக் நீரிணை குறுகலானது. ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகு எடுத்தால் கொஞ்ச நேரத்தில் எல்லைக்கோடு வந்துவிடும். கடன் வாங்கிக் கட்டிய படகு, சும்மா கட்டிப்போட முடியாது. பிடிபட்ட பையன்கள் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கும்போது அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாததை நான் பார்க்கிறேன். படகைப் பறிகொடுத்துவிட்டு, அதே படகில் தலைப்பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவனிடம் இப்போது கூலிக்கு நிற்கும் சம்மாட்டியும் (படகுச் சொந்தக்காரர்) எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்காக ஜெபிக்கிறோம், ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகிற இழுவை மடி, அவர்கள் போட்ட வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகிறது என்பதும் உண்மை. சங்காயம் என்று கோழித்தீவனத்துக்குக் கொட்டுகிற குஞ்சு மீன் நாளைய பாடு என்பதும் உண்மை. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. போர் 2009-ல் முடிந்த பிறகுதான் அந்தக் கரைக்காரர்கள் கடலுக்குத் திரும்பினார்கள், கடன் வாங்கி வலை வாங்கினார்கள்.

மலைப்பொழிவில், உங்கள் விண்ணகத் தந்தை நிறைவுள்ளவராக இருப்பதுபோல் நீங்களும் இருங்கள் என்று ஒரு வசனம் இருக்கிறது. முதிர்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எடுக்கிற வசனம், கட்டுரையிலும் வந்தது. அதற்கு முந்திய வசனங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். பகைவரை நேசியுங்கள், அவர் நல்லவர் மேலும் தீயவர் மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் இந்த இடத்துக்கு வருகிறார். நம் பையன்களைப் பிடிக்கும் இலங்கைக் கடற்படைக்காரனுக்காக ஜெபிப்பது கஷ்டம்தான். நம்மால் நஷ்டப்பட்ட ஒருவருக்காக நம் வரும்படியைக் குறைத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். எனக்குத் தெரிந்து எபிரேயர் திருமுகம் சொல்கிற கெட்டி உணவு இதுதான். வரி வசூலித்த சக்கேயு, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எண்ணோடு சொன்னார். அதற்குப் பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் ஆண்டவர். எங்கள் ஜெபக்கூட்டங்களில் இந்தப் பக்கமாக ஒரு மன்றாட்டு எழும்ப நான் இன்னும் கேட்கவில்லை. பங்குச் சாமியார்களும் இதைத் தொட யோசிக்கிறார்கள். தொட்டால் அடுத்த ஞாயிறு பாதிக் கோயில் காலியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கத்தோலிக்கரை மட்டும் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் தங்கச்சி பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டாள். மாதாவைப் பற்றி அவளும் நானும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசினால் இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு இறங்காது. அந்தச் சபையின் ஸ்பீக்கர் சத்தம் எனக்குத் தலைவலி. ஆனால் அவர்கள் வீட்டு மனைக்குப் பட்டா வந்தபோது, அளவு தப்பாக ஏறி, கொழுந்தன் வீட்டு இடத்தில் ஐந்தடி இவர்கள் பேருக்கு வந்துவிட்டது. கொழுந்தனுக்குத் தெரியாது, வீட்டுக்காரரும் பேசாமல் இருந்துவிடலாம் என்றார். இவள் விடவில்லை. மனு எழுதிக் கொடுத்து, சர்வேயரைக் கூட்டிவந்து, சங்கிலி பிடித்து அளந்து, கல்லை மாற்றி நட்ட பிறகுதான் ஓய்ந்தாள். கடற்கரை ஊரில் ஐந்தடி என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். ஜெபத்தில் பரவசம் வந்து அவள் அந்நிய பாஷை பேசுகிறாளா என்று நான் கேட்டதில்லை. அந்தக் கல்லைப் பார்த்தேன், எனக்கு அது போதும்.

பாசி எடுக்கும் அக்காவிடம் இதில் பாதியைச் சொன்னேன். "அப்ப ஜெபமே வேண்டாங்கிறியா?" என்று மடக்கினார். வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஜெபிக்காமல் நண்டுக்காரருக்கு அந்தப் பாதிப் பங்கு எடுத்துவைக்கும் மனசு வந்திருக்காது. தூணில் சாய்ந்து தூங்கினாலும் ஞாயிறு தவறாமல் வருகிறார் இல்லையா. ஆனால் ஜெபத்தை அளவுகோலாக வைத்து ஆளை அளக்காதீர்கள் என்கிறேன். அக்கா அதற்கும் ஒன்று சொன்னார், பத்திரிகையில் எழுத முடியாது.

அடுத்த வாரம் காணிக்கை, பத்தில் ஒரு பங்கு பற்றிக் கட்டுரை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். எழுதுகிறவர் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் 23, 24 வசனங்களை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்துகொள். அவர் ராமேஸ்வரம் பக்கம் வருவதாக இருந்தால், விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை இருக்கும்; அதற்கு முன்னால் வந்தால் நல்லது, கொட்டகையில் கூட்டம் இருக்கும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு மீன் கம்பெனிக் கணக்கர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.